பிளாஸ்டிக் சைட்டைத் திரும்ப மாட்டிய கதை: 1981-இன் ஒரு கெக்காடோ 27

பழைய ஏர் கன் (காற்றழுத்தத்தில் குண்டு பாயும் துப்பாக்கி) சேர்ப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு முதலில் வந்ததுதான் உசத்தி. பிரிட்டனின் பி.எஸ்.ஏ. கம்பெனி செய்த ஏர்ஸ்போர்ட்டர் என்றால் 1948-இல் வந்த முதல் மார்க் வேண்டும். அதே கம்பெனியின் மீட்டியர் என்றால் 1959-இன் சரக்கு வேண்டும். அதே மாடல் கடைசிக்காலத்தில் எப்படி இருந்தது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். "பிளாஸ்டிக் ஏறிடுச்சுப்பா, கம்பெனிக்காரன் கஞ்சத்தனம் பண்ண ஆரம்பிச்சிட்டான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இப்படி எல்லாரும் ஒதுக்கியதால்தான் கடைசிக்காலத் துப்பாக்கிகள் இன்று முழுசாகக் கிடைப்பதில்லை. முதல் வார்ப்பை எண்ணெய் போட்டு அலமாரியில் வைத்தார்கள். கடைசி வார்ப்பைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனார்கள், பிள்ளைகளிடம் கொடுத்தார்கள், பழையதற்கு ஒரு ஸ்பிரிங் வேண்டுமென்றால் இதிலிருந்து பிடுங்கினார்கள். எனக்குப் பிடித்தது இவைதான். ஒரு தொழிற்சாலை ஒரு மாடலை முப்பது வருடம் செய்துவிட்டு மூடப்போகும் தறுவாயில் எதை மாற்றியது, எதைக் கடைசிவரை விடவில்லை என்பதை இவற்றில்தான் படிக்க முடியும். ஆனால் ஒரு நிபந்தனை: நடுவில் யாரும் கைவைத்திருக்கக் கூடாது. கைவைத்திருந்தால், வைத்தது யார், எதை என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

இது அப்படிக் கண்டுபிடித்த ஒன்றின் கதை.

துப்பாக்கி, தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வெருலத்தில் இருக்கும் என் மாமாவுடையது. எண்பதுகளில் ஸ்டேங்கர் பக்கம் ஒரு கரும்புப் பண்ணையில் டிராக்டர் ஓட்டினார். பண்ணைக்காரர் ஊரை விட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். நேட்டால் கடற்கரையில் என் வயதுக்காரர்களுக்கு கெக்காடோ என்ற பெயரைச் சொன்னால் போதும், முகம் மலரும். ஆஃப்ரிக்கான்ஸ்காரர்கள் விண்ட்பக்ஸ் என்பார்கள், நாம் பெல்லட் கன் என்போம். எப்படிச் சொன்னாலும் பல வீடுகளில் அதன் பேரலில் கெக்காடோ என்றுதான் குத்தியிருக்கும்.

கெக்காடோ ஒரு வியாபாரப் பெயர்தான். துப்பாக்கி செய்தது ஜெர்மனியின் ராஸ்டாட் ஊரிலிருந்த மாயர் அண்ட் கிரம்மல்ஸ்பாகர், 1890-இல் தொடங்கிய கம்பெனி. அவர்களுடைய சொந்த முத்திரை டயானா: வேட்டைத் தேவதை ஏர் கன்னைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வில்லையும் அம்பையும் தூக்கி எறிந்து நிற்பாள். இந்த 27-ஆம் மாடல் ஒரே அச்சில் பிறந்து பல பெயர்களில் உலகம் சுற்றியது. அமெரிக்காவில் வின்செஸ்டர் 427, ஹை-ஸ்கோர் 807. பிரிட்டனில் ஒரிஜினல் 27. அங்கே மட்டும் ஏன் டயானா என்று போடவில்லை என்பதற்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்தக் கம்பெனியின் இயந்திரங்களும் பெயரும் பிரிட்டனுக்குப் போயின. ஸ்காட்லாந்தின் மதர்வெல்லில் மில்புரோ என்ற கம்பெனி டயானா என்ற பெயரிலேயே துப்பாக்கி செய்து விற்றது. ஜெர்மன்காரர்கள் 1950-வாக்கில் மறுபடி எழுந்து நின்றபோது, பிரிட்டனில் தங்கள் பெயரையே தாங்கள் போட முடியாத நிலை. 1984-இல்தான் அந்தப் பெயர் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டயானா 27 என்று யாராவது விற்க வந்தால், அது ஸ்காட்லாந்து 27-ஆ ஜெர்மன் 27-ஆ என்று முதலில் பாருங்கள். எண் ஒன்றுதான், துப்பாக்கி வேறு. பேரலில் மேட் இன் கிரேட் பிரிட்டன் என்றிருந்தால் அது மில்புரோ. நான் இங்கே பேசப்போகிற மூன்று பால் (எஃகு உருண்டை) வைத்த ட்ரிகர் எல்லாம் ஜெர்மன் சரக்குக்குத்தான்.

மாமா அதைக் கொண்டுவந்து என் பெஞ்சில் வைத்தபோது சொன்னது இவ்வளவுதான்: "டேய், ட்ரிகர் ஒரு மாதிரி இழுக்குது. சுட்டா பழைய வேகம் இல்ல. பாத்து வை. மத்தபடி சாமான் ஒரிஜினல், ஒண்ணும் மாத்தல."

ஒண்ணும் மாத்தல என்பது சேகரிப்பவன் காதில் விழக்கூடாத வார்த்தை. கேட்டதும் சந்தேகம் வந்துவிடும்.

முதலில் வருடம். குழாயின் பின்கோடியில், இடப்பக்கம், மரக்கட்டைக்குச் சற்று மேலே மாதமும் வருடமும் பொடி எழுத்தில் குத்தியிருக்கும். பலர் இதைத் துரு என்றே நினைத்துத் தேய்த்துவிடுவார்கள். பழைய பல்துலக்கும் பிரஷைப் பாரஃபினில் (மண்ணெண்ணெய்தான்) நனைத்து மெதுவாகத் துடைத்தேன். அழுக்கு கரைந்ததும் 09 81 என்று தெரிந்தது. கண்ணாடி வைத்துப் பார்த்தும் நம்பிக்கை வராமல், ஒரு மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் உரசி எடுத்தேன். அதே எண்தான். செப்டம்பர் 1981. 34-ஆம் மாடல் வந்து 27-இன் இடத்தைப் பிடிப்பதற்கு முந்தைய கடைசிச் சில வருடங்களில் ஒன்று. அப்போதே எனக்கு ஆவல் ஏறிவிட்டது.

அடுத்து, ஐங்கோணத்துக்குள் எஃப் என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. 1970-க்குப் பிறகு ஜெர்மனியின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தவற்றில் அந்த முத்திரை இருக்கும், குண்டின் ஆற்றல் 7.5 ஜூலுக்கு மேல் போகாது என்பதற்கு அடையாளம் அது. இதில் இல்லாததால் இது ஏற்றுமதிக்கென்றே செய்தது. பண்ணைக்காரர் ஜெர்மனியில் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்ததல்ல, இங்கே கடையில் வாங்கியதாகத்தான் இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாகத்தான் வந்தது, பின்சைட்டில், அதாவது குறிபார்க்கும் பின்பாகத்தில், கண் படும்வரை. முழுக்க எஃகில் செய்த கனமான சைட். நான்கு விதமான வெட்டுள்ள தகட்டைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொள்ளலாம். அருமையான வேலைப்பாடு, எழுபதுகளின் தொடக்கத்துத் துப்பாக்கியில் இருந்தால் வாயைப் பிளந்து பார்ப்பேன். 1981-இல் இது ஏன் இருக்கிறது? கிடங்கில் மிச்சமிருந்த பழைய பார்ட்ஸைத் தொழிற்சாலையே போட்டுக் காலி செய்திருக்கலாம். அப்படி நடந்திருந்தால் இது சாதாரணத் துப்பாக்கி இல்லை, சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்ளும் இடைக்கால வகை. அல்லது எவனோ ஒருவன் பின்னாளில் மாட்டியிருக்கலாம். அப்படியென்றால் இது ஒட்டுப்போட்ட சட்டை. இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் பிரிக்க ஆரம்பித்தேன்.

கட்டையைக் கழற்றுவதில் சிரமம் இல்லை. முன்கட்டையில் பக்கத்துக்கு ஒரு திருகு, ட்ரிகர் கார்டில் மற்றவை. ஸ்க்ரூடிரைவர் முனையைத் திருகின் பள்ளத்துக்குச் சரியாக உரசித் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். கிடைத்ததை வைத்துத் திருகினால் பள்ளம் கிழியும், பிறகு அந்தக் கிழிசலைப் பார்த்தே விலையைப் பாதியாக்குவார்கள். இதில் திருகுப் பள்ளங்கள் ஏற்கெனவே கிழிந்திருந்தன. ஒண்ணும் மாத்தாத துப்பாக்கிக்கு இது பொருந்தாத அடையாளம்.

கட்டை பீச் மரம். உள்பக்கத்தில், குழாய் உட்காரும் பள்ளத்தில், துணியின் நெசவு அப்படியே மரத்தில் பதிந்து கறுத்திருந்தது. குழாயின் அடியில் அதே கட்டம் கட்டமாகத் துரு. மாமாவைக் கேட்டேன். அத்தையின் பழைய சேலைத் துணியில் சுற்றி அலமாரி மேலே வைத்திருந்தாராம், வருடக்கணக்காக. நம் கடற்கரையில் இதைவிடக் கெட்ட காரியம் இல்லை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை டர்பன் காற்றில் இருக்கிற ஈரத்தைத் துணி குடித்துக் குடித்து இரும்புக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். பஞ்சு வைத்த ஜிப் பையும் இதே வேலையைத்தான் செய்யும். இரும்பைத் துடைத்து, மெழுகு தடவி, காற்றுப் படும்படி சாய்த்து வைப்பதுதான் இங்கே சரி.

பிறகு ட்ரிகர். இந்தத் துப்பாக்கியின் உயிரே அங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கியில், அழுத்தப்பட்ட மெயின் ஸ்பிரிங்கின் முழுப் பலத்தையும் ஒரு சின்னக் கொக்கி தாங்கிக்கொண்டு நிற்கும். ட்ரிகரை இழுக்கும்போது அந்தப் பலத்துக்கு எதிராகக் கொக்கியை உரசி நழுவவைக்க வேண்டும். அதனால்தான் மலிவுத் துப்பாக்கிகளின் ட்ரிகர் கல்லைப் போல இருக்கும். 27-இல் கொக்கிக்குப் பதில் மூன்று எஃகு பால்கள். பிஸ்டனின் பின்தண்டில் ஒரு வளையப் பள்ளம் இருக்கிறது. அந்தத் தண்டு ஒரு சின்னக் குழாய்க்குள் நுழைகிறது. குழாயைச் சுற்றி மூன்று துளை, துளைக்கு ஒரு பால். இதற்கு மேலே இன்னொரு உறை. அந்த உறை ஓரிடத்தில் நிற்கும்போது பால்களை உள்ளே அழுத்திப் பள்ளத்தில் உட்காரவைக்கிறது, பிஸ்டன் பூட்டிக்கொள்கிறது. ட்ரிகர் அந்த உறையை மட்டும்தான் பிடித்துவைத்திருக்கிறது. விட்டதும் உறை நகரும், பால்கள் வெளிப்பக்கம் ஒதுங்கும், பிஸ்டன் பாயும். மெயின் ஸ்பிரிங்கின் பலத்தை மூன்று பால்களும் பங்குபோட்டுத் தாங்கிக்கொள்வதால் ட்ரிகருக்கு வரும் சுமை ரொம்பக் குறைவு. நல்ல நிலையில் இருக்கிற 27-இன் ட்ரிகரை ஒருமுறை இழுத்தவர்கள், இன்றைய விலையுயர்ந்த சிலதைக்கூடக் குறை சொல்வார்கள். 35-ஆம் மாடலிலும் இதே ஏற்பாடுதான்.

பிரிக்கும்போது ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் தொடாதீர்கள். தச்சர் வைத்திருக்கும் நீளமான கிளாம்ப்பும் இரண்டு மரக்கட்டையும் இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். குழாயின் பின்னாலிருக்கும் இரும்புக் கட்டையை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு, குறுக்குப் பின்களைப் பித்தளைப் பஞ்ச்சால் தட்டி எடுக்க வேண்டும். கிளாம்ப்பைத் தளர்த்தும்போது முகத்தை நேர்கோட்டில் வைக்காதீர்கள். அடியில் ஓரம் உயர்ந்த ஒரு தட்டு, அதில் ஒரு துண்டுத் துணி. பால்கள் எப்போது விழும் என்று சொல்லிவிட்டு விழாது.

மூன்றும் விழுந்தன. இரண்டு பளபளவென்று, ஒன்று மங்கலாக.

மங்கலானதைத் தனியே எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்தேன். மற்ற இரண்டும் ஒரே அளவு; இது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சிறிசு. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்தான், ஆனால் இந்த ஏற்பாட்டில் அது போதும். சுமையை மூன்று பேர் தூக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர் தூக்கியிருக்கிறார்கள். பிஸ்டன் தண்டின் பள்ளத்தைத் திருப்பிப் பார்த்தால் அந்த இரண்டு பால் உட்கார்ந்த பக்கம் மட்டும் தேய்ந்து கோடு விழுந்திருந்தது, மூன்றாவது பக்கம் புதுசாகவே இருந்தது. தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றதால் உறை நேராக நகராமல் இழுபட்டிருக்கிறது. மாமா சொன்ன ஒரு மாதிரி இழுப்பு இதுதான்.

போன் போட்டேன். "மாமா, உள்ள இருக்கற பால் ஒண்ணு மாத்தினீங்களா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "பாலா? ஓ, அது. ஒருதடவ கழட்டினப்ப ஒண்ணு உருண்டு ஓடிடுச்சு. சைக்கிள் கடையில வாங்கிப் போட்டேன். அதெல்லாம் ஒரு மாத்தமாடா?"

சைக்கிள் பால் இஞ்சுக் கணக்கு. ஜெர்மன்காரன் மில்லிமீட்டர் கணக்கு. கிட்டத்தட்ட சரியாக இருக்கும், அந்தக் கிட்டத்தட்டதான் வில்லங்கம். பேரிங் விற்கிற கடையில் பாலைத் தனியாகவே கொடுப்பார்கள். இருக்கிற இரண்டையும் கையோடு கொண்டுபோய் அளந்து, அதே அளவில் மூன்றையுமே புதிதாக வாங்கினேன். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டு, தேய்ந்த இரண்டோடு சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இங்கே ஒரு கேள்வி வரும். பழையதை அப்படியே வைக்க வேண்டும் என்று சொல்கிறவன் பாலை மாற்றலாமா? என் கணக்கு இது. தேய்வதற்கென்றே படைக்கப்பட்டவை உண்டு: ஸ்பிரிங், தோல் வாஷர், பால், சீல். இவற்றை அந்தத் தொழிற்சாலையே பார்ட்ஸாக விற்றது, மாற்றுவார்கள் என்று தெரிந்தேதான் விற்றது. இவற்றை மாற்றலாம், பழையதைப் பையில் போட்டு, தேதி எழுதித் துப்பாக்கியோடேயே வைக்க வேண்டும். ஆனால் சைட், கட்டை, குத்திய எழுத்து, இரும்பின் நிறம் — இது எந்த வருடத்துத் துப்பாக்கி என்று சாட்சி சொல்பவை இவைதான். துருவோடு போராடலாம், சாட்சியை மாற்றக் கூடாது. புளூயிங்கை (இரும்பின் கருநீலப் பூச்சு) முழுக்க உரித்துப் புதிதாகப் போட்டு மின்ன வைத்த துப்பாக்கி எத்தனையோ பார்த்துவிட்டேன். அழகாக இருக்கும், எழுத்தின் விளிம்பு மட்டும் மழுங்கியிருக்கும். எனக்கு அது வேண்டாம்.

பிஸ்டனை வெளியே எடுத்தபோது ஒரு வாசனை வந்தது. எங்கேயோ தெரிந்த வாசனை, ஆனால் பட்டறையில் வரக்கூடாதது. அடுப்படியில் பழைய வாணலியை எடுத்தால் வருமே, அது. குழாயின் உட்சுவரில் தேன் நிறத்தில் பிசின் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வந்தது. சமையல் எண்ணெய். பிஸ்டன் தலையின் தோல் காய்ந்துவிட்டது, எண்ணெய் விடவேண்டும் என்று யாரோ சொல்ல, கையில் கிடைத்ததை விட்டிருக்கிறார்கள். தாவர எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகிப் பிசினாகும். பிஸ்டன் அந்தப் பிசினோடு மல்லுக்கட்டிப் போவதிலேயே பாதி வேகம் தீர்ந்திருக்கும். தீபாவளிப் பலகாரம் சுட்ட எண்ணெயாக இருக்காது என்று நம்புகிறேன். அதைப் பற்றி மாமாவைக் கேட்கவில்லை.

பிசினை எடுக்க அவசரம் உதவாது. பாரஃபினில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றி உள்ளே வைத்து ஊறவிட்டு, மறுபடி துடைத்து, மறுபடி ஊறவிட்டு எடுத்தேன். உப்புத்தாள் உள்ளே போகவே கூடாது. சுவரில் கோடு விழுந்தால் தோல் சீக்கிரம் தேயும்.

பிஸ்டன் தலையில் இருந்த தோல் வாஷர் பலகை போல் விறைத்திருந்தது, ஆனால் கிழியவில்லை, விளிம்பு முழுசாக இருந்தது. மாற்றத்தான் நினைத்தேன். பிறகு, ஊறவைத்துப் பார்ப்போம் என்று நீட்ஸ்ஃபுட் எண்ணெயில் பிஸ்டன் தலையை மட்டும் முக்கி ஒரு டப்பாவில் நிறுத்திவைத்தேன். மாட்டுக் காலிலிருந்து எடுக்கிற எண்ணெய் அது, குதிரைச் சேணம் விற்கிற கடைகளில் கிடைக்கும். தோலுக்கு அதைப்போல் இணக்கமானது வேறில்லை. மெல்ல மெல்லத் தோல் நிறம் மாறி, விரலால் அழுத்தினால் வளைந்து கொடுத்தது. பேரல் அடியில் இருக்கும் சின்னத் தோல் வளையம் மட்டும் நைந்துபோயிருந்தது. அதற்குத் தாவரப் பதனிட்ட தோலில் புதிதாக ஒன்று வெட்டினேன். கொஞ்சம் உயரமாக வெட்டி, பேரலை மூடி மூடித் தானாகவே அமுங்கவிட்டால் சரியாக அமையும்.

மெயின் ஸ்பிரிங்கைக் கண்ணாடி மேல் உருட்டினேன். நொண்டிக்கொண்டு உருண்டது; வளைந்திருக்கிறது. புதிது போட்டேன், அதே பலத்தில். அதிக வேகத்துக்காகப் பலமான ஸ்பிரிங் போடச் சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பலம் துப்பாக்கியின் உதைப்பிலும் கட்டையின் திருகிலும்தான் போய்ச் சேரும், குறியில் சேராது.

திரும்பப் பூட்டும்போது பால்கள் துளையில் நிற்பதற்கு கிரீஸ்தான் கை. கெட்டி கிரீஸ் ஒரு பொட்டு வைத்து பாலை ஒட்டிவிட்டால் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. அந்தப் பொட்டுக்கு மேல் அங்கே ஒன்றும் வேண்டாம்.

இப்போது சைட்.

எஃகு சைட்டைக் கழற்றியதும் அதற்கு அடியில் இருந்த இரும்பின் நிறத்தைப் பார்த்தேன். பல வருடம் மூடியே கிடந்த இடம் என்றால் புளூயிங் கறுகறுவென்று புதிதாக இருக்க வேண்டும். இருந்தது, ஆனால் எஃகு சைட்டின் வடிவத்தில் இல்லை. கறுப்புத் திட்டு அதைவிட அகலம், முன்முனை சதுரம். எஃகு சைட்டின் முன்முனையோ குறுகல். அதாவது, வெயிலும் வியர்வையும் படாமல் அந்த இடத்தை முதலில் பல காலம் மூடியிருந்தது வேறொரு சைட். எஃகு சைட் வந்த பிறகு, அது மூடாத விளிம்பு மட்டும் லேசாகப் பழுப்பேறியிருக்கிறது. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு நிழல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது தெளிவாகத் தெரிந்தது. தொழிற்சாலை போட்ட எஃகு சைட் இல்லை. என் இடைக்கால வகைக் கனவு அங்கேயே முடிந்தது.

நேராக வெருலத்துக்குப் போனேன். இதைப் போனில் கேட்க முடியாது.

மாமா மறைக்கவில்லை. மறைக்க வேண்டியதாக அவர் நினைக்கவே இல்லை. "இதுல வந்த சைட்டு பிளாஸ்டிக்குடா. கையில எடுத்தா பொம்மை மாதிரி. பெரியவர் வெச்சிருந்த பழைய கெக்காடோ பேரல் வளைஞ்சு கெடந்துச்சு, அதுல இருந்து இத எடுத்து மாட்டினேன். நல்லதத்தான மாட்டினேன்?"

"பழைய பிளாஸ்டிக்க என்ன பண்ணினீங்க மாமா?"

கொல்லைப்புற ஷெட்டிலிருந்து பேக்கர்ஸ் பிஸ்கட் டின் ஒன்று வந்தது. ஆணி, வாஷர், குழாய் டேப், ரேடியோ குமிழ், எல்லாவற்றுக்கும் அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் சைட். ஒரு காது விரிசல் விட்டிருந்தது, உயரம் மாற்றும் சக்கரம் இறுகியிருந்தது. மற்றபடி முழுசு. துப்பாக்கி மேல் வைத்துப் பார்த்தேன். கறுப்புத் திட்டின் மேல் நூல் பிசகாமல் உட்கார்ந்தது.

விரிசலை அடிப்பக்கமாக மெல்லிய பசை இழுத்து ஒட்டினேன். மேலே ஒரு கோடு தெரியும், தெரியட்டும். சக்கரத்துக்கு ஒரு சொட்டு லேசான எண்ணெய், ஒரு மணி நேரம் பொறுமை, சுற்றியது. இரும்பில் இருந்த துருவை எண்ணெயும் மிக மென்மையான எஃகுப் பஞ்சும் வைத்து எழுந்து நின்ற அளவுக்கு மட்டும் எடுத்தேன். சேலைத் துணியின் கட்டம் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய், விரலால் தேய்த்தது மட்டும். கிழிந்த திருகுகளின் பள்ளத்தை ராவி நேராக்காமல் அப்படியே விட்டேன்.

சோதனை டொங்காட் பக்கம் ஒரு நண்பரின் கரும்பு நிலத்தில், மணல் நிரப்பிய பெட்டியின் முன்னே நடந்தது. சிலர் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்: 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஏர் கன் என்பது துப்பாக்கி வகையில் சேராது, வைத்திருக்க லைசென்ஸ் வேண்டாம். ஆனால் குடியிருப்புப் பகுதிக்குள் தக்க காரணமின்றிச் சுடுவது அதே சட்டத்தின்படி குற்றம். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் மாமரத்துக்கு வரும் குரங்கைச் சுடுவதற்கென்றே இந்த மாதிரிப் பழைய பெல்லட் கன் வாங்குகிறவர்கள் உண்டு. என்னிடம் வராதீர்கள். குண்டு உடம்பிலேயே தங்கி, சீழ் வைத்து, நாள்கணக்கில் இழுத்துக்கொண்டு திரியும் குரங்குகளை டர்பனில் பார்த்தவர்களுக்குப் பிறகு மாங்காய் இனிக்காது.

முதல் சில குண்டுக்குப் புகை வந்தது. தோலில் மிச்சமிருந்த எண்ணெய் எரிகிறது, அவ்வளவுதான். அது ஓய்ந்த பிறகு குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் பார்த்தேன். 5.5 மில்லிமீட்டர் குண்டு, எடை 14.3 கிரெய்ன், வினாடிக்கு 140 மீட்டர் சுற்றியே நின்றது. கணக்குப் போட்டால் 9 ஜூலுக்குச் சற்று மேல். இந்த வயதில், தோல் வாஷரோடு, 27-இடம் இதற்கு மேல் கேட்பது நியாயம் இல்லை. முக்கியம் என்னவென்றால், ஒன்றுக்கொன்று வித்தியாசம் மிகக் குறைவு. ட்ரிகர் முதல் நிலையில் லேசாக வந்து, ஒரு சுவரில் தொட்டு நின்று, பிறகு நினைத்த மாத்திரத்தில் விட்டது. மூன்று பால் ஒழுங்காக வேலை செய்தால் இப்படித்தான்.

பத்து மீட்டரில் பிளாஸ்டிக் சைட்டோடு ஐந்து குண்டு ஐந்து ராண்ட் காசுக்குள் விழுந்தன. மாமா விடுவாரா? எஃகு சைட்டையும் மாட்டிச் சுட்டே ஆகவேண்டும் என்றார். மாட்டினேன். அதுவும் ஒரு காசு அளவுதான். "பாத்தியா, ரெண்டும் ஒண்ணுதான், அப்ப நல்லதையே வெச்சுக்கலாமே" என்றார். "ரெண்டும் ஒண்ணுன்னா அதோடயே பொறந்தத வெச்சுக்கலாமே" என்றேன். சுடுகிறவராக அவர் சொல்வது சரி: எஃகு சைட்டின் வெட்டு கூர்மை, எண்பது வயதுக் கண்ணுக்கு அது தெளிவாகத் தெரிகிறது. எனக்கு அந்தத் துப்பாக்கி 1981-ஐச் சொல்ல வேண்டும். கடைசியில் துப்பாக்கி என் அலமாரியில் பிளாஸ்டிக் சைட்டோடு நிற்பதென்றும், மாமா சுட வரும் நாளில் எஃகு சைட்டை மாட்டிக் கொடுப்பதென்றும் முடிவானது. ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டினால் திருகு என்ன ஆகும் என்று கேட்டதற்கு, "ஃபிட்டர் வேலை பாத்தவன்தானே நீ" என்றார்.

பையில் இப்போது இருப்பவை: பழைய இரண்டு பால், சைக்கிள் பால் ஒன்று, வளைந்த ஸ்பிரிங், நைந்த தோல் வளையம். எல்லாவற்றிலும் சீட்டு எழுதிக் கட்டியிருக்கிறேன். முன்சைட்டின் மேல்மூடி மட்டும் இல்லை; பிஸ்கட் டின்னில் அடிவரை தேடியாயிற்று. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒருவரிடம் அதே காலத்து மூடி ஒன்று இருக்கிறது. பணம் வேண்டாம், மாற்றுப் பொருள் வேண்டும் என்கிறார். அவருக்கு எழுபதுகளின் கெக்காடோ ஒன்று இருக்கிறதாம், பின்சைட் இல்லாமல். எஃகு சைட்தான் வேண்டும். மாமா தரமாட்டேன் என்கிறார்.